முப்பத்தெட்டுப் பேரும் நானும்

என் வீட்டுக்காரருக்குத் தலை எண்ணுகிற உத்தியோகம். கேட்டால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். யாத்திரை பஸ் கம்பெனியில் அவருக்கு மேனேஜர் என்று பெயர். மேனேஜர் என்றால் மின்விசிறிக்குக் கீழே சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்று நம்பித்தான் என் அப்பா என்னைக் கட்டிக்கொடுத்தார். கல்யாணமான பிறகுதான் விவரம் தெரிந்தது. பஸ் நிற்கிற இடத்தில் எல்லாரையும் எண்ணி இறக்க வேண்டும், கிளம்புகிறபோது எண்ணி ஏற்ற வேண்டும். இறங்கியது முப்பத்தெட்டு என்றால் ஏறுவதும் முப்பத்தெட்டாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வேலையை முப்பது வருஷம் பார்த்தார். ஒரு ஆளைத் தொலைத்ததில்லை. ஒரு செருப்பைத் தொலைத்ததில்லை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கொடியில் எத்தனை கிளிப், ஜன்னலில் எத்தனை கம்பி, நான் அன்றைக்கு எத்தனை பிளவுஸ் தைத்தேன், எல்லாம் எண்ணியாக வேண்டும். எங்கள் மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் பன்னீர் தெளித்து வரவேற்றுக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாசலில் நின்று விரலை மடக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று. "நீங்க சொன்ன கணக்குக்கு ஒரு ஆள் குறையுது" என்று சம்பந்தியிடமே போய்ச் சொன்னார். அவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு பார்த்தால் மாப்பிள்ளையின் அத்தை புருஷனைப் பெட்ரோல் பங்கிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அத்தைக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து சம்பந்தி வீட்டில் இவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இவருடைய பஸ் மாதத்துக்கு இரண்டு தடவை ஒரே ஊருக்குத்தான் போகும். பெரிய ஆறு, அதன் கரை முழுக்கப் படிக்கட்டு, படிக்கட்டு முழுக்கக் கோயில். எங்கெங்கோ இருந்தெல்லாம் ஜனங்கள் அந்த ஆற்றில் ஒரு முழுக்குப் போட வருவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஊருக்கு "ஆத்தங்கரை" என்றுதான் பெயர். "ஆத்தங்கரை கிளம்பறேன்" என்றால் ஒரு வாரத்துக்கு வீட்டில் ஒரு தட்டு குறைவு.

அங்கே போனால் இவருக்கு இன்னொரு வேலை உண்டு. முழுகப் போகிறவர்கள் மூக்குக் கண்ணாடி, மோதிரம், கைக்கடிகாரம், போன், பல் செட்டு, காது மெஷின் எல்லாவற்றையும் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். இவர் படியில் ஒரு ஜமக்காளத்தை விரித்து நடுவில் உட்கார்ந்து காவல் காப்பார். ஆரம்ப காலத்தில் எல்லாவற்றையும் துண்டில் முடிந்து வைப்பாராம். ஒரு தடவை இரண்டு பெரியவர்களின் பல் செட்டு மாறிப்போனது. இரண்டு பேரும் இரண்டு நாள், சோறு வேகவில்லை என்று சமையல்காரரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பஸ்ஸில் ஒருவர் கொட்டாவி விட, பக்கத்தில் இருந்தவர் தன்னுடைய பல்லை அடையாளம் கண்டுபிடித்தார்.

அந்தச் சண்டைக்குப் பிறகு இவர் வீட்டுக்கு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ஒரு உதவி பண்ணணும்" என்றார். என் தையல் மெஷின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. அங்கே அவர் வந்து உட்கார்ந்தால் வேலை வைக்கப் போகிறார் என்று அர்த்தம். முப்பத்தெட்டுப் பைகள் கேட்டார். லைனிங் துணியில் மிச்சம் விழுவதையெல்லாம் சேர்த்து வைத்து, சுருக்குக் கயிறு போட்டு, ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை சிவப்பு நூலில் எண் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். கிழியக் கிழியப் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். எத்தனை நூறு பைகள் தைத்தேன் என்று எனக்குத் தெரியாது, அவரைக் கேட்டால் சரியாகச் சொல்வார்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக முழுகி எழுந்தால் விசேஷம் என்பார்கள். என்ன விசேஷம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், அதை விடுங்கள். யாத்திரை போய் வந்த ஜோடிகள் அப்புறம் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மேனேஜர் சார் நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போனில் போட்டோவைக் காட்டுவார்கள். தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். எடுத்தது யார் என்றால் என் வீட்டுக்காரர். ஊரில் உள்ள ஜோடிகளையெல்லாம் முழுக வைத்துப் படம் பிடித்த மனுஷன் என்னை ஒரு தடவைகூட அங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை.

கேட்காமல் இல்லை. "அடுத்த சீசன் பாத்துக்கலாம்" என்பார். ஒரு வருஷம் சீட் இல்லை. ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம். ஒரு வருஷம் மகளுக்குப் பரீட்சை. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, அவளுக்கே ஒரு பெண் பிறந்தாயிற்று. இவருக்கு மட்டும் அடுத்த சீசன் வரவே இல்லை.

போன வருஷக் கடைசியில் முட்டி வலி தாங்க முடியாமல் ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வர்ற டிரிப்போட முடிச்சுக்கலாம்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

நான் மெஷினை நிறுத்தினேன். "அப்ப நானும் வர்றேன்."

"சீட்டு எல்லாம் போயிடுச்சே. முப்பத்தெட்டும் ஃபுல்லு."

"கடைசி பெஞ்சில அரிசி மூட்டை உக்காந்து வருதுல்ல? அது பக்கத்துல உக்காந்துக்கறேன். அரிசிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இருந்தா போதும்."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டினார். நான் ஒரு புதுப் புடவை எடுத்தேன், நனைந்தால் சாயம் போகாததாகப் பார்த்து எடுத்தேன். இந்த ஒரு டிரிப்பை விட்டால் அவரோடு அந்த ஆற்றில் இறங்க இன்னொரு வழி எனக்குக் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் அரிசி மூட்டை, ஒரு பக்கம் காஸ் அடுப்பு, நடுவில் நான். சமையல்காரர் நல்ல மனுஷன், என்னை அண்ணி அண்ணி என்று கூப்பிட்டு, மூட்டைமேல் போர்வையை மடித்துப் போட்டு சாய்ந்துகொள்ள வசதி பண்ணிக் கொடுத்தார். எனக்கு முன்னால் முப்பத்தேழு, முப்பத்தெட்டாம் சீட்டுகளில் சம்பந்திகள் இரண்டு பேர். ஒருத்தி பெண்ணைக் கொடுத்தவள், ஒருத்தி எடுத்தவள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம், ஆனால் ஒரே சீட்டுதான் கிடைத்ததாம். ஒருத்தி ஜன்னலைத் திறந்தால் மற்றவள் என்னைப் பார்த்துத் திரும்பி, "சில பேருக்குக் காத்து ஆகாதுன்னு யாராவது சொன்னா தேவலை" என்பாள். நான் முன்னால் குனிந்து சொல்வேன். இரண்டு நாளும் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு.

பஸ் நிற்கும் இடமெல்லாம் என் வீட்டுக்காரர் நடுவழியில் நடந்து வருவார். சீட்டின் முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்து, சம்பந்திகளிடம் முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று முடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார், ஆனால் எண்ண மாட்டார். சீட்டு வாங்கியவர்களைத்தானே எண்ண வேண்டும். எனக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஊருக்கு வெளியே நின்றுவிடும். அங்கிருந்து சந்து சந்தாக நடக்க வேண்டும். இரண்டு ஆள் ஒட்டி நடக்கிற அகலம்தான் இருக்கும் அந்தச் சந்துகளில். எதிரில் ஒரு மாடு வந்தால் அது யோசித்து முடிவெடுக்கிற வரைக்கும் நாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வாசலுக்கு வாசல் மணிச் சத்தம், பூக்கூடை, குங்குமக் குவியல். ஒரு வளைவு திரும்பினேன், சட்டென்று வெளிச்சம், எதிரே ஆறு. இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

ஒரே படிக்கட்டில் ஒரு குழந்தைக்கு மொட்டை அடிக்கிறார்கள், அது ஊரைக் கூட்டுகிறது. நாலு படி தள்ளி மாலையும் கழுத்துமாக ஒரு புது ஜோடி. அதற்குக் கீழே ஒருவர் மண்கலயத்தில் தன் அப்பாவின் அஸ்தியை வைத்துக்கொண்டு, பெரிய குடைக்கடியில் உட்கார்ந்த புரோகிதர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே ஒருவன் ஆற அமர உட்கார்ந்து பல் தேய்க்கிறான். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை. வீட்டில் ஒரு குழாயடிக்கு நாங்கள் எத்தனை சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் வழக்கமான படியில் ஜமக்காளத்தை விரித்தார். எல்லாரையும் நிற்கவைத்து ஒரு பிரசங்கம் செய்தார். "ஆழம் அஞ்சாவது படியில இருக்கு, நாலோட நிறுத்திக்கோங்க. சங்கிலியப் பிடிச்சுக்கோங்க. யாராவது வழி தப்பிட்டா அங்க இங்க ஓடக் கூடாது. கடைசியா உக்காந்த இடத்துக்கே வந்து உக்காந்துடணும். தேடி வர்றது என் வேலை." பிறகு பைகள் வந்து விழுந்தன. ஏழாம் நம்பர் தபால்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று பத்து வருஷமாகிறது, பல்லைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வாய் குழறி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தெட்டுப் பையும் வரிசையாக வந்து சேர்ந்தன.

நான் என் போனை அவர் தோள்பையில் போட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க" என்றேன்.

"எங்க?"

"எங்கயா? ஆத்துக்குத்தான்."

"பைய யாரு பாக்கறது?"

"சமையல்காரர் பாக்கட்டும்."

"அவன் சத்திரத்துல சோறு வடிச்சுட்டு இருக்கான். பதினோரு மணிக்குச் சாப்பாடு ரெடியா இருக்கணும்."

"அப்ப அவங்க எல்லாரும் வந்ததும் போகலாம்."

"அவங்க வந்ததும் எண்ணணும், பைய கொடுக்கணும், நேரம் ஆயிடும். நீ போய் நல்லா முங்கிட்டு வா. நான் இங்கேருந்தே போட்டோ எடுக்கறேன்."

சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தனியா முங்கறதுக்கு நம்ம வீட்டுல பக்கெட் இல்லையா? அதுக்கா மூணு நாள் அரிசி மூட்டை மேல சாஞ்சுட்டு வந்தேன்?"

"எல்லாரும் பாக்கறாங்க, மெதுவாப் பேசு."

"பாக்கட்டும். முப்பத்தெட்டுப் பேரு பல்லையும் பாத்துக்க ஆளு இருக்கு, பொண்டாட்டி கையப் பிடிக்க ஆளில்லை."

விறுவிறுவென்று நடந்து, நாலைந்து மண்டபம் தாண்டி, ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவரே தேடி வரட்டும், வந்து கெஞ்சட்டும் என்று இருந்தேன். கெஞ்சினால் எத்தனை நிமிஷம் கழித்து எழுந்திருக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வரவில்லை. வெயில் ஏறியது. படகுகள் போயின, வந்தன. எவ்வளவு நேரம் போயிற்றோ, என் கோபத்துக்கே அலுத்துப் போய் எழுந்து பழைய படிக்கு வந்தேன். ஜமக்காளம் இல்லை, பைகள் இல்லை, அவர் இல்லை. சத்திரத்துக்கு வழி கேட்டுக் கேட்டுப் போனேன், எனக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியாது, கையைக் காலை ஆட்டித்தான் கேட்டேன். அடுப்பு இருந்த இடத்தில் கொஞ்சம் ஈரம்தான் இருந்தது. பஸ் நின்ற மைதானத்துக்குப் போனேன். வேறு பஸ்கள் நின்றன. எங்கள் பஸ் கிளம்பிப் போய்விட்டிருந்தது.

என்ன நடந்தது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கோபத்தில் சாப்பிடாமல் முன்னாடியே பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்து, என் முகத்தைப் பார்க்கத் தயங்கி, குனிந்தபடியே முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணியிருப்பார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு. கணக்கு சரி, வண்டியை எடு. முப்பது வருஷத்தில் இவர் தொலைத்த முதல் ஆள் நான்.

கையில் போன் இல்லை. அழுகை வந்தது. நடுத்தெருவில் நின்று அழ வெட்கமாக இருந்ததால் அடக்கிக்கொண்டேன். அப்போது அவர் செய்த பிரசங்கம் ஞாபகம் வந்தது. வேறு வழி தெரியாததால் அந்த மனுஷன் சொன்னபடியே செய்தேன். சந்துகளில் நடந்து, மாட்டுக்கு வழிவிட்டு, ஜமக்காளம் விரித்திருந்த அதே படியில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு குடும்பம் வந்தது. எந்த ஊரோ, என்ன பாஷையோ. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள், என்ன தோன்றியதோ, தோளிலிருந்த பையை என் பக்கத்தில் வைத்து, ஆற்றைக் காட்டி, தன் கண்ணைக் காட்டி, என்னைக் காட்டினாள். பார்த்துக்கொள் என்கிறாள். தலையை ஆட்டினேன். அவள் போய் இறங்குவதைப் பார்த்து இன்னொரு ஆள் தன் கைத்தடியையும் கண்ணாடியையும் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்து இரண்டு கல்லூரிப் பெண்கள் நாலு போன். ஒரு பட்டாளத்துக்காரர் தன் தொப்பி. நான் வாயைத் திறந்து இது என் வேலை இல்லை என்று சொல்வதற்கு எனக்கு அவர்கள் பாஷை தெரிந்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னைச் சுற்றிக் கடை பரப்பியாகிவிட்டது.

எது எதனோடு மாறிவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இடுப்பிலிருந்த ஊக்குகளை எடுத்துப் பையோடு பையாகக் குத்தினேன். கண்ணாடியைத் தொப்பிக்குள் வைத்தேன், அப்புறம் அது வேறு ஆளுடையது என்று வெளியே எடுத்தேன். தாகம் எடுத்தது, எழுந்திருக்க முடியவில்லை. ஒரு நாய் வந்தது, அதட்டினேன். ஒரு தடவை அண்ணாந்து ஒரு கோயில் கொடியைப் பார்த்தேன், உடனே பதறிக் கீழே பார்த்தேன். எல்லாம் இருந்தது. எதிரே அவ்வளவு பெரிய ஆறு போகிறது, அதை என்னால் பார்க்க முடியவில்லை. பையைத்தான் பார்க்க முடிந்தது.

முப்பது வருஷம் இந்த மனுஷன் இதைத்தான் பார்த்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குப் பாவமாகிவிட்டது. கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அங்கே பஸ்ஸில் நடந்ததை எல்லாரும் அப்புறம் எனக்கு மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சமையல்காரர் அன்றைக்கு டிரைவரோடு பேசிக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் போன பிறகு பெண்ணைக் கொடுத்த சம்பந்தி ஜன்னலைத் திறந்திருக்கிறாள். எடுத்த சம்பந்தி வழக்கம்போல, "சில பேருக்குக் காத்து ஆகாது" என்று பின்னால் திரும்பினால் அரிசி மூட்டை மட்டும் இருக்கிறது. "மேனேஜர் அம்மா எங்க?" என்றாளாம். மூன்று நாளில் முதல் தடவையாகச் சம்பந்தி முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாளாம். அவளும், "ஐயையோ, ஆமா, எங்க?" என்றாளாம். என் வீட்டுக்காரர் எழுந்து நடுவழியில் நடந்து வந்து, முப்பத்தெட்டைத் தாண்டி, காலி பெஞ்சைப் பார்த்து அப்படியே சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். தபால்காரர்தான் டிரைவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறார், "வண்டியத் திருப்புய்யா, விலாசம் தெரிஞ்ச பார்சல் இது."

அவர் படியில் இறங்கி வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். முட்டி வலிக்காரர் இரண்டு இரண்டு படியாக இறங்குகிறார். ஒரு காலில் செருப்பில்லை. சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் நின்றார். கிட்ட வந்து என் தலைமேல் கையை வைத்தார், எடுக்கவில்லை.

"முப்பது வருஷத்துல..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். முதல் ஆளு நான்தான்."

"எண்ணினேன். சரியாத்தான் எண்ணினேன்."

"நீங்க எங்க என்னை எண்ணினீங்க?"

அவர் கண் கலங்கிவிட்டது. என் அப்பா செத்த அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்திருக்கிறேன். எனக்கு இருந்த மிச்சக் கோபமும் அதோடு போயிற்று.

"எழுந்திரு, போகலாம்" என்றார்.

"எப்படி வர்றது? இதெல்லாம் யாரு பாக்கறது?"

அப்போதுதான் அவர் என்னைச் சுற்றிப் பார்த்தார். பைகள், போன்கள், கைத்தடி, தொப்பி. ஊக்குக் குத்தியிருப்பதைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த மனுஷன் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ.

அதற்குள் பின்னாலேயே முப்பத்தெட்டுப் பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். வந்ததும் வராததுமாக இரண்டு பேரும் சேர்ந்து என் வீட்டுக்காரரைப் பிடி பிடி என்று பிடித்தார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுத்தாள். கடைசியில் பெண்ணைக் கொடுத்தவள் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நகரும்மா. இதை நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம். நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க."

"வண்டி லேட்டாயிடும்" என்றார் இவர்.

"ஆகட்டும். நாங்க யாரும் அவசரமாப் பொறக்கல" என்றார் தபால்காரர். அவர் வாயில் இப்போது பல் இருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது.

நான் அவர் கையைப் பிடித்தேன். படியெல்லாம் முப்பத்தெட்டுப் பேரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சொல்வதற்கு இவருக்கு ஒரு சாக்கும் பாக்கி இல்லை. முதல் படியில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. நல்ல குளிர்ச்சி. இரண்டாவது படிக்கு நான் காலை வைத்தேன், கை பின்னால் இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் முதல் படியிலேயே நிற்கிறார். அந்த வெயிலில் அவர் கை சில்லிட்டிருந்தது.

"என்னங்க, என்ன பண்ணுது?"

மேலே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார். "எனக்குத் தண்ணின்னா பயம்."

எனக்குப் புரியவே இல்லை. "எந்தத் தண்ணி?"

"எந்தத் தண்ணியும். ஏழு வயசுல கிணத்துல விழுந்து எடுத்தாங்க. அதுலேருந்து."

"அப்ப பை?"

"மொத டிரிப்ல எல்லாரும் இறங்குங்க இறங்குங்கன்னு இழுத்தாங்க. சாமான நான் பாத்துக்கறேன், நீங்க போங்கன்னு சொல்லி உக்காந்தேன். அப்படியே வேலையாயிடுச்சு."

இவர் கடமையென்று நான் முப்பது வருஷம் நினைத்துப் பெருமைப்பட்டதும் பொருமியதும் இதுவா? எண் போட்டு எண் போட்டு நான் தைத்துக் கொடுத்தது இவர் ஒளிந்துகொள்வதற்கா?

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஊரையே ஆத்துல இறக்கி விடறவன், எனக்குப் பயம்னு எப்படிச் சொல்றது? அதுவும் உன்கிட்ட. நீ சிரிப்ப."

சிரிக்கத்தான் செய்தேன். என்னால் அடக்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் நாங்கள் சந்தோஷத்தில் சிரிக்கிறோம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஆனால் என் கையைப் பிடித்திருந்த அந்தக் கை பிடியைத் தளர்த்தவில்லை. அப்போது எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை என்னவென்று சொல்வது. கல்யாணமான புதிதில்கூட அப்படி வந்ததில்லை.

"முங்க வேண்டாம். உக்காருங்க" என்றேன்.

"எங்க?"

"இந்தப் படியிலேயே. நானும் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தோம். தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் இரண்டு கையாலும் அள்ளி அவர் தலையில் விட்டேன், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் "அவ்வளவுதானே, அவ்வளவுதானே" என்றார். மூன்றாவதுக்குப் பிறகு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நீ முங்கணும்னுதானே வந்த?"

"பரவாயில்லங்க. இதுவே போதும்."

"போதாது. நீ இறங்கு. நான் இங்கேயே உக்காந்து கையப் பிடிச்சுக்கறேன். விட மாட்டேன்."

இரண்டாவது படி, மூன்றாவது படி. அவர் எட்டிய மட்டும் கையை நீட்டினார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினேன். காதில் சத்தமெல்லாம் நின்று போயிற்று. மேலே வெளிச்சம் மஞ்சளாக ஆடியது. என் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று, வளையல் கையில் அழுந்தியது. இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று தோன்றியது, இருந்தேன். பிறகு எழுந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அவர் அதே படியில், கண்ணை மூடி, கன்னம் இரண்டும் உப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் சிவந்து போயிருக்கிறது. நான் முழுகிய நேரம் முழுக்க அவரும் மூச்சு விடவில்லை.

"என்னங்க, நான் மேல வந்துட்டேன்" என்றேன். அப்புறம்தான் விட்டார்.